புதுச்சேரியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போக: சப்பரம், சாலை, தண்ணீர், பாதம்

ஆவணி பிறந்ததும் கடலூர் சாலையில் காவி உடைகள் தென்பட ஆரம்பித்துவிடும். ஆகஸ்ட் 29 மாலை வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது, செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் திருவிழா. இந்த இரண்டில் ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் புதுச்சேரி, கடலூர்ப் பங்குகளிலிருந்து (ஒவ்வோர் ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம்) குழுக்கள் கிளம்புகின்றன. புதிதாகக் குழு சேர்ப்பவர்களுக்கும், ஏற்கெனவே போய்வந்து அடுத்த முறை ஒழுங்காகச் செய்ய நினைப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள். 30 பேர், ஒரு சப்பரம், ஒரு வண்டி என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம். ஆள் கூடினால் அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் 60-க்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிப்பதே நல்லது.

எத்தனை நாள்

புதுச்சேரியிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஐந்தே நாளில் நடந்துவிடும் குழுக்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் தினம் 32 கிலோமீட்டர் வருகிறது. வயலில் நிற்பவர், மூட்டை தூக்குபவர், தினமும் நடப்பவர் என்றால் முடியும். குழுவில் 55 வயது அம்மாவும், கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரும், கல்லூரிப் பிள்ளையும் இருந்தால் முடியாது. முதல் நாள் உற்சாகத்தில் 32 ஓடிவிடும். அன்றிரவு பாதம் கொப்பளிக்கும். இரண்டாம் நாள் மதியத்துக்குள் ஆறேழு பேர் வண்டியில் ஏறியிருப்பார்கள். வேண்டிக்கொண்டு வந்தவருக்கு வண்டியில் ஏறுவது உடம்பு வலியைவிடப் பெரிய வலி. அந்த நிலைக்கு ஒருவரைத் தள்ளாமல் இருப்பதுதான் திட்டமிடுபவரின் முதல் பொறுப்பு. ஆகவே குழுவில் மிக மெதுவாக நடக்கக்கூடியவர் யார் என்று பார்த்து, அவருடைய நடைக்கு ஏற்றபடி நாளைப் பிரியுங்கள்.

எங்கள் பரிந்துரை ஏழு நாள், எட்டாம் நாள் காலை போய்ச் சேர்வது. தூரங்கள் எல்லாம் தோராயம். தங்கும் இடம் ஊரின் எந்த முனையில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் மாறும்.

முதல் நாள்: புதுச்சேரி – கடலூர், 22 கி.மீ.
இரண்டாம் நாள்: கடலூர் – புதுச்சத்திரம், 24
மூன்றாம் நாள்: புதுச்சத்திரம் – சிதம்பரம், 20
நான்காம் நாள்: சிதம்பரம் – சீர்காழி, 20
ஐந்தாம் நாள்: சீர்காழி – திருக்கடையூர், 23
ஆறாம் நாள்: திருக்கடையூர் – தரங்கம்பாடி வழி காரைக்கால், 21
ஏழாம் நாள்: காரைக்கால் – நாகூர் வழி நாகப்பட்டினம், 20
எட்டாம் நாள் காலை: நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி, 12

கொடியேற்றத்துக்குப் போக வேண்டுமானால் ஆகஸ்ட் 22 விடியற்காலை கிளம்புங்கள். செப்டம்பர் 7 மாலை பெரிய தேர்ப்பவனிக்கு என்றால் ஆகஸ்ட் 31. கடலூரிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு நாள் மிச்சம். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குழுவுக்குக் கொடியேற்றமே ஏற்றது. 7, 8 தேதிகளின் கூட்டத்தில், நடந்து களைத்த கால்களோடு நிற்பது எளிதல்ல.

ஒரு மாதத்துக்கு முன்

நடைப் பயிற்சிக்கு நம் பக்கத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது: வில்லியனூர் லூர்து மாதா கோயில். பிரான்சில் லூர்து நகரில் பெர்னதெத்துக்கு மாதா காட்சி கொடுத்தது 1858-இல். இருபது ஆண்டு ஆவதற்குள்ளேயே, 1877-இல், லூர்து மாதாவின் சுரூபம் (சிலை) பிரான்சிலிருந்து வில்லியனூருக்கு வந்துவிட்டது. புதுச்சேரி நகரத்திலிருந்து 10 கிலோமீட்டர். முதல் வாரம் நடந்து போய்ப் பேருந்தில் திரும்புங்கள். இரண்டாம் வாரம் போகவும் வரவும் நடை. மூன்றாம், நான்காம் வாரங்களில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து 20 கிலோமீட்டர். இந்தத் தொடர் நடைதான் உண்மையான சோதனை. ஒரு நாள் 20 நடப்பதை யாரும் செய்துவிடுவார்கள். மறுநாள் காலை அதே காலில் எழுந்து நடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. எந்தச் செருப்பில், எந்த உடையில் போகப்போகிறீர்களோ அதே செருப்பில், அதே உடையில் பயிற்சி செய்யுங்கள்.

அதே மாதத்தில் தாள் வேலையும் உண்டு. பங்குத்தந்தையிடம் குழுவை அறிமுகப்படுத்தும் கடிதம் வாங்குங்கள். தங்கும் இடங்களுக்கு அந்தக் கடிதத்தின் நகலோடு ஒருவர் நேரில் போய்வர வேண்டும். தொலைபேசியில் 'பார்த்துக்கலாம்' என்று சொல்லப்பட்ட இடம், இரவு எட்டு மணிக்கு 30 பேர் போய் நிற்கும்போது வேறு குழுவால் நிரம்பியிருக்கும். நேரில் போகிறவர் மூன்றே கேள்வி கேட்டால் போதும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை எத்தனை? தண்ணீர் இரவு முழுக்க வருமா? சப்பரத்தை உள்ளே நிறுத்தலாமா? ஆலய வளாகம் இல்லாத ஊரில் பள்ளிக்கூடம், திருமண மண்டபம் கேட்டுப் பாருங்கள்.

பெயர், வயது, வீட்டுத் தொலைபேசி எண், இரத்த வகை, சாப்பிடும் மாத்திரை எல்லாம் எழுதிய பட்டியல் ஐந்து பிரதி எடுங்கள். ஒன்று உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு, ஒன்று பங்கு அலுவலகத்துக்கு, ஒன்று வண்டியில், ஒன்று குழுத் தலைவரிடம், ஒன்று வரிசையின் கடைசியில் வருபவரிடம்.

விரதம் இருப்பது, காவி உடுத்துவது, ஜெபமாலை அணிவது எல்லாம் குடும்ப வழக்கத்தைப் பொறுத்தது. ஒன்பது நாள் இருப்பவரும் உண்டு, அதற்கு மேல் இருப்பவரும் உண்டு. குழுவுக்கென்று பொதுவாக வைக்க வேண்டியது ஒரே விதி: கிளம்புவதிலிருந்து திரும்பும்வரை மது இல்லை. புதுச்சேரியை விட்டுப் போகும் வழியிலும், காரைக்கால் எல்லைக்குள் நுழையும்போதும் மதுக்கடைகள் அடுத்தடுத்து வரும். இதை வழியில் பேச ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். பெயர் எழுதும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

சப்பரம்

நான்கு சக்கரச் சட்டம், மேலே மரப்பலகை, அதன்மேல் இரண்டரை அடி சுரூபம். இவ்வளவு போதும். அலங்காரம் சேரச் சேர எடை கூடும். எல்லாம் சேர்த்து 150 கிலோவுக்குள் இருந்தால் நான்கு பேர் இழுக்கலாம், ஒரு மணிக்கு ஒருமுறை ஆள் மாறலாம். தரையிலிருந்து மொத்த உயரம் ஏழு அடிக்கு மேல் வேண்டாம். ஊருக்குள் தாழத் தொங்கும் கேபிள் வயர்களில் மாட்டுவது ஒரு பக்கம், பாலத்தின்மேல் ஆற்றுக் காற்று பந்தலைப் பிடித்து வண்டியையே சாய்ப்பது இன்னொரு பக்கம். பந்தல் துணியில் நாலு மூலையிலும் ஓட்டை விட்டுத் தைத்தால் காற்று புகுந்து போய்விடும்.

சுரூபத்தை அடிப்பீடத்தோடு இறுக்கக் கயிறு மட்டும் போதாது. கயிறு வெயிலில் தளரும். பீடத்தைச் சுற்றி நான்கு மரக்கட்டைகளை ஆணியடித்துப் பலகையோடு சேருங்கள், இடைவெளியில் ஸ்பாஞ்ச் திணியுங்கள், அதற்கு மேல் கயிறு. மூன்றாம் நாள் சுரூபம் ஆடத் தொடங்கினால் பெரும்பாலும் ஸ்பாஞ்ச் நசுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

சக்கரம் சைக்கிள் டயர் என்றால் இரண்டு மாற்று டியூப், பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்ப் கட்டாயம். காற்றில்லாத கெட்டி ரப்பர் சக்கரம் பஞ்சர் ஆகாது. ஆனால் குண்டும் குழியுமான இடத்தில் அதிர்ச்சி நேராகச் சுரூபத்துக்குப் போகும். பேரிங்கில் கிரீஸ் வைக்காமல் கிளம்பியதால் சிதம்பரம் தாண்டுவதற்குள் சக்கரம் இறுகி நின்றுபோகும் சப்பரம் ஆண்டுதோறும் ஒன்றாவது இருக்கும். கிளம்பும் முன்பு ஒருமுறை, சிதம்பரத்தில் ஒருமுறை கிரீஸ் வையுங்கள். சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடை கொடுக்க இரண்டு கட்டைகளைக் கயிற்றில் கட்டி வண்டியிலேயே தொங்கவிடுங்கள்.

விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் ஜெனரேட்டர் வேண்டாம். சத்தமும் புகையும் பின்னால் நடப்பவர்களை வதைக்கும். 12 வோல்ட் 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று எடுங்கள். எல்.இ.டி. விளக்குகள் 20 வாட், சிறிய ஆம்ப்ளிஃபையர் 50 வாட் என்று வைத்தால் மொத்தம் 70 வாட், அதாவது ஏறத்தாழ 6 ஆம்பியர். சாதாரண பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது என்பதால் 8 மணி நேரம் ஓடும். விடியலுக்கு முன் மூன்று மணி, இரவில் மூன்று மணி என்ற தேவைக்கு இது தாராளம். தங்கும் இடத்தில் சார்ஜ் போட 10 ஆம்பியர் சார்ஜரைக் கையோடு கொண்டு போங்கள். பகலில் ஓய்வெடுக்கும்போதே போட்டுவிடுங்கள். இரவுவரை தள்ளிப்போட வேண்டாம்.

சாலையில்

நடை நேரம் விடியற்காலை மூன்றரையிலிருந்து எட்டரை, மாலை ஐந்திலிருந்து எட்டு. இடையில் நடக்க வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் கடலூர்ப் பக்கம் மதிய வெயில் சர்வசாதாரணமாக 35 டிகிரியைத் தொடும். தார்ச்சாலை அதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். வெறுங்காலோடு நடப்பதாகப் பொருத்தனை (வேண்டுதல்) செய்தவர் ஒன்பது மணிக்கு மேல் சாலையில் கால் வைத்தால் தோல் வெந்துபோகும். சாலை ஓரத்து வெள்ளைக் கோடு தாரைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோட்டைப் பிடித்து நடக்கிறவர் வண்டிக்கு நெருக்கமாக நடக்கிறார். சூட்டுக்குத் தீர்வு நேரத்தை மாற்றுவதுதான். மாலையில் வானம் கறுத்து இடி கேட்டால், கூரை உள்ள இடத்தில் நில்லுங்கள். இந்தப் பருவத்து வெப்பச்சலன மழை ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மரத்தடியில் ஒதுங்கக்கூடாது.

சப்பரத்தோடு குழு மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்தான் போகும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிட ஓய்வு. 20 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் தசை இறுகி, எழும்போது முதல் நூறு அடி நரகம். அதற்குக் குறைந்தால் கடைசியாக வந்து சேர்பவருக்கு ஓய்வே கிடைக்காது. முன்னால் போனவர்கள் உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள், பின்னால் வந்தவர் வந்ததும் 'கிளம்பலாம்' என்று குரல் கேட்கும். குழுக்களில் வரும் மனக்கசப்பில் பாதி இதிலிருந்துதான். ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகே எண்ணத் தொடங்குங்கள்.

எந்தப் பக்கம் நடப்பது என்பதில் குழப்பம் உண்டு. சப்பரம் இல்லாமல் நடப்பவர்கள் சாலையின் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசையில். சப்பரம் இழுப்பவர்கள் மற்ற வண்டிகளைப் போல இடது ஓரத்தில். குழு முழுவதும் சப்பரத்தோடு போனால் எல்லோரும் இடப்பக்கம், ஆனால் வரிசைக்குப் பின்னால் 50 மீட்டர் தள்ளி ஒருவர் பகலில் சிவப்புக் கொடியோடும், இருட்டில் மின்னும் சிவப்பு விளக்கோடும் வரவேண்டும். இந்த வேலை தூக்கக் கலக்கமில்லாத, பொறுப்பான ஆளுக்கு. இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். காவித் துணி இருட்டில் தெரியாது. ஒவ்வொருவர் முதுகிலும், இரண்டு கணுக்காலிலும் ஒளியை எதிரொளிக்கும் பட்டை ஒட்டுங்கள். கணுக்காலில் உள்ளது அசைவதால்தான் ஓட்டுநர் கண்ணில் சட்டென்று படும். சப்பரத்தின் பின்புறம் சிவப்புப் பட்டை, முன்புறம் வெள்ளை.

சீர்காழி போய்ச் சேர்வதற்குள் வரும் பெரிய பாலங்கள்: சுண்ணாம்பாறு, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம். பாலத்தில் ஒதுங்குவதற்கு மண் ஓரம் இல்லை, அதுதான் ஆபத்து. பாலத்துக்கு முன்பே எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, வண்டியை விளக்கு மின்ன விட்டுப் பின்னால் வரச்சொல்லி, நிற்காமல் கடந்துவிடுங்கள். ஆற்றைப் பார்க்க, படம் எடுக்க நிற்பது அக்கரை போன பிறகு. கொள்ளிடத்தை விடிந்த பிறகு கடக்கும்படி நேரத்தை அமையுங்கள்.

கடலூர் முதுநகரைத் தாண்டியதும் வரும் தொழிற்பேட்டைப் பகுதியில் நிழல் குறைவு, லாரி அதிகம். அதை இரண்டாம் நாள் அதிகாலையிலேயே முடித்துவிட வேண்டும். அதற்காக முதல் நாள் இரவு மஞ்சக்குப்பத்தில் தங்காமல் முதுநகர்ப் பக்கம் இடம் பார்ப்பது கெட்டிக்காரத்தனம். இன்னொன்று: புதிய புறவழிச்சாலை நேராக, அகலமாக இருக்கிறது என்று அதில் இறங்காதீர்கள். டீக்கடை, கழிப்பறை, மரநிழல், ஆலயம், மருந்துக்கடை எல்லாம் ஊருக்குள் போகும் பழைய சாலையில்தான். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் பழைய சாலையே நல்லது. வழியோரக் கெபிகளும் (மாதா சுரூபம் வைத்த சிறு குகைக் கோயில்கள்) அங்கேதான். கெபி கண்ட இடத்தில் ஒரு நிமிடம் நின்று 'மரியே வாழ்க' சொல்லிவிட்டு நடப்பது வழக்கம். ஊர்க்காரர்கள் மோர், பானகம், எலுமிச்சைச் சாறு வைத்துக் காத்திருப்பதும் இந்த வழியில்தான். எந்த மதம் என்று பார்த்து யாரும் கொடுப்பதில்லை, நடப்பவர்களிலும் இந்துக்கள் நிறையப் பேர். தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைக் கடக்கும்போதும், கோயில், மருத்துவமனை வாசலிலும் ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள். நாகூரில் தர்கா வழியாகப் போகும்போது இதை யாரும் நினைவுபடுத்தும்படி வைத்துக்கொள்ளக்கூடாது.

தண்ணீர், சாப்பாடு

நடக்கும் நாளில் ஒருவருக்குக் குடிக்க மட்டும் 4 முதல் 5 லிட்டர். 30 பேருக்கு 20 லிட்டர் கேன் எட்டு. சமையலுக்குத் தனி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு வியர்த்தால் உப்பு குறைந்து தலைசுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும் வரும். காலை ஒன்று, மாலை ஒன்று என்று உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணீர் அல்லது ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் 1 லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. உறையைப் படித்துக் கலக்குங்கள். கைவசம் இல்லையென்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் ஆறு சிறு தேக்கரண்டி சர்க்கரை, அரைச் சிறு தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி.

பெண்கள் கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று படுப்பது பெரும்பாலும் இதனால்தான். பெட்ரோல் பங்க், ஆலயம், பள்ளிக்கூடம் எங்கெங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து, ஓய்வு நிறுத்தங்களை அந்த இடங்களிலேயே வையுங்கள். இது ஆண்கள் போடும் திட்டத்தில் எப்போதும் விட்டுப்போவது. வழித்திட்டம் போடும் மூவரில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விட்டுப்போகாது. நாப்கின் பொட்டலங்கள் முதலுதவிப் பெட்டியில் இருக்கட்டும். மாதவிலக்கு நாட்களில் நடக்கவோ, கோயிலுக்குள் போகவோ நம் திருச்சபையில் எந்தத் தடையும் இல்லை என்பதையும் கிளம்பும் முன் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

அரிசி ஒரு வேளைக்கு ஒருவருக்கு 150 கிராம், அதாவது 30 பேருக்கு நாலரைக் கிலோ. காலையில் கஞ்சியும் துவையலும், மதியம் சூடாகச் சாம்பார் சாதமும் பொரியலும், இரவில் உப்புமா அல்லது இட்லி. கட்டிக் கொடுக்கும் சோறு என்றால் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு மட்டும். தயிர்சாதம் இந்த வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் புளித்துப் பொங்கிவிடும். ஒரு வேளை கெட்ட சோற்றால் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யாத்திரை அதோடு நின்றுவிடும். சமையல்காரர் வண்டியில் முன்னால் போய், குழு வந்து சேர ஒரு மணி நேரம் இருக்கும்போது உலை வைத்தால் போதும்.

பாதம்

கொப்புளம் வருவது ஈரம், உராய்வு, சூடு மூன்றும் சேரும்போது. புதுச் செருப்பு, புது ஷூ கூடவே கூடாது. ஷூ போடுபவர் தினம் இரண்டு முறை காலுறையை மாற்ற வேண்டும். வெறுங்காலில் நடப்பவர் கிளம்பும் முன் குதிகாலிலும் விரலிடுக்கிலும் வாஸலைன் தடவலாம். தொடையிடுக்கு உரசலுக்கும் அதுவே மருந்து. வேட்டியில் நடப்பவர் உள்ளே முழங்கால்வரை இறுக்கமான கால்சட்டை போட்டால் பாதித் துன்பம் குறையும்.

'சூடாக இருக்கிறதே' என்று ஓரிடம் சொன்னவுடன் நிறுத்தி, காயவைத்து, மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள். கொப்புளமாகிவிட்டதா? சிறியதை அப்படியே மூடிவிடுங்கள். பெரிதாகி நடக்க முடியவில்லை என்றால் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த புது ஊசியால் ஓரத்தில் குத்தி, நீரை மெதுவாக அழுத்தி எடுத்து, பொவிடோன் அயோடின் வைத்து மூடுங்கள். மேல்தோலைப் பிய்க்கக்கூடாது, அதுதான் கட்டு. இரவில் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கும் பழக்கம் எல்லாக் குழுவிலும் இருக்கிறது. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஊறிய தோல் மறுநாள் எளிதாக உரியும். குளிர்ந்த நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, சுவரில் கால் தூக்கி வைத்துக் கால்மணி நேரம் படுப்பது மேல். சூட்டுத் தைலத்தைத் தசைக்கு மட்டும் தேயுங்கள், புண்ணுள்ள இடத்தில் வேண்டாம்.

வலி மாத்திரையை வெறும் வயிற்றில், உடம்பில் நீர் வற்றிய நிலையில் போடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீர் குடித்த பிறகு, அதுவும் தேவையானால் பாராசிட்டமால்.

சர்க்கரை நோயாளி வெறுங்காலில் நடக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கண்ணாடித் துண்டு ஏறியதே தெரியாது. மாதாவுக்கு வேறு பொருத்தனை செய்துகொள்ளலாம், பங்குத்தந்தையிடம் கேட்டால் மாற்றிச் சொல்வார். ஒவ்வொரு ஓய்விலும் இன்னொருவர் அவர் பாதத்தைப் பார்க்க வேண்டும். சட்டைப்பையில் மிட்டாயோ வெல்லமோ இருக்கட்டும். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. இன்சுலினை ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைக்கலாம், குப்பிக்குள் தண்ணீர் படாமல்.

யாராவது வெயிலில் பேச்சுக் குழறி, தடுமாறி, தோல் கொதித்தால் அது சாதாரண மயக்கமல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

30 பேருக்கான பெட்டி: ஓ.ஆர்.எஸ். 60 பாக்கெட், மைக்ரோபோர் டேப் அகலமானது 10 சுருள், பொவிடோன் அயோடின் 2 புட்டி, பஞ்சு, கட்டுத் துணி, ஊசிகள், வாஸலைன் பெரியது 3, பாராசிட்டமால், இழுவைக் கட்டு (கிரேப் பேண்டேஜ்) 6, கத்தரி, டார்ச் 4.

செபம்

ஐம்பத்து மூன்று மணி ஜெபம் (ஜெபமாலை) ஒன்று சொல்ல 20 முதல் 25 நிமிடம் ஆகும். அதற்குள் சப்பரம் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோமீட்டர்வரை நகர்ந்திருக்கும். தூரத்தை இப்படி எண்ணிப் பழகினால் மைல்கல் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. ஜெபமாலையில் தியானிக்கும் மறையுண்மைகள் (இயேசு, மாதா வாழ்வின் நிகழ்வுகள்) நாள்வாரியாக: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. கிளம்பியதும் ஒன்று, விடியும்போது ஒன்று, மாலை ஒன்று. நாள் முழுக்க மைக்கில் சொல்லிக்கொண்டே போகும் குழுவில் மூன்றாம் நாள் தலைவருக்குத் தொண்டை கட்டிவிடும், மற்றவர்கள் காதும் மூடிவிடும். ஜெபமாலையின் பத்து மணிகளுக்கு ஒருவர் என்று முறை வையுங்கள், கூச்சப்படும் பிள்ளைகளுக்கும் ஒரு முறை வரட்டும். விடிவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். அவரவர் எதற்காக வந்தார்களோ அதை மாதாவிடம் சொல்ல அந்த நேரம் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைத் தங்குமிடத்தில் சிலுவைப்பாதை. காரைக்காலில் தேற்றரவு அன்னை ஆலயத்தில் ஒரு திருப்பலிக்கு நேரம் ஒதுக்குங்கள். ஊர் தூரமானாலும் காரைக்கால் நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததுதான்.

போய்ச் சேர்ந்த பிறகு

ஊருக்குள் நுழையும் முன்பே சப்பரத்தை எங்கே நிறுத்தச் சொல்கிறார்கள் என்று காவலரிடமும் தொண்டர்களிடமும் கேளுங்கள். கோயில் வாசல்வரை போக விடமாட்டார்கள், வாக்குவாதம் வேண்டாம். காணாமல்போனால் எங்கே வந்து நிற்பது என்று ஓர் இடத்தை எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். கூட்டத்தில் கைபேசி எடுக்காது. பிள்ளைகள் கையில் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டுங்கள்.

முதலில் எங்கே போவது? மரபுப்படி மூன்று அற்புதங்களின் வரிசை இது: பால் கொண்டுபோன சிறுவனுக்கு மாதா தோன்றிய குளக்கரை, மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் எழுந்து நடந்த நடுத்திட்டு, புயலில் தப்பிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8 அன்று கரையேறி எழுப்பிய ஆலயம். இன்றைய பேராலயம் அதன் வழி வந்ததுதான், 1962-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. நேரமிருந்தால் இந்த வரிசையிலேயே மாதா குளம், நடுத்திட்டு, பேராலயம் என்று போங்கள்.

முழங்காலில் போவதாகப் பொருத்தனை இருந்தால் பேராலயத்திலிருந்து மாதா குளம் போகும் மணல் பாதையை விடியற்காலையில் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் மணல் சுடும், கூட்டமும் நெருக்கும். நடந்து வந்த அதே நாளில் வேண்டாம், ஒரு இரவு தூங்கி எழுந்து செய்யுங்கள். முட்டியில் துணியைச் சுற்றிக்கொள்வதில் பொருத்தனைக்கு எந்தக் குறையும் இல்லை. கூட வருபவர் ஒருவர் தண்ணீரோடு பக்கத்தில் நடக்கட்டும். மொட்டை போடுவோர் புதுப் பிளேடு மாற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகு தலை குனியுங்கள். மெழுகுவர்த்தி, தென்னங்கன்று, கை, கால், கண் உருவங்கள் கடைகளில் கிடைக்கும். வீட்டிலிருந்தே தென்னங்கன்று கொண்டுபோவதாக வேண்டியவர் அதை வண்டியில் நிழலில் வைத்து, தினம் ஒருமுறை வேரில் மட்டும் தண்ணீர் தெளித்தால் எட்டு நாள் தாங்கும்.

கடலில் இறங்குவதைப் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். எட்டு நாள் நடந்த கால் தண்ணீரில் பிடித்துக்கொள்ளும், அலையும் இழுக்கும். கணுக்கால் நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டால் போதும். இருட்டிய பிறகு கரைக்கே பிள்ளைகளை விடாதீர்கள்.

திரும்பி யாரும் நடப்பதில்லை. திருவிழா நாட்களில் சிறப்புப் பேருந்துகள் உண்டு, நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010 முதல் ரயில் பாதையும் இருக்கிறது. ஆனாலும் 30 பேருக்கு ஒரே பேருந்தை முன்பே பேசி வைப்பது நிம்மதி. சப்பரம் மினி லாரியில் ஏறும்போது சுரூபத்தைத் தனியாகக் கழற்றி, மெத்தையில் சுற்றி, ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். 160 கிலோமீட்டர் சேதமில்லாமல் வந்த சுரூபம் உடைவது லாரியில் ஏற்றும்போதுதான்.

இவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பம் இருக்கிறது. இத்தாலியில் பிறந்து தமிழில் வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747) எழுப்பிய பெரியநாயகி அன்னை கோயில், மாதா அங்கே நம் ஊர்ப் பெண்ணாகச் சேலை கட்டி நிற்கிறாள். திருவிழா ஜனவரியில், வெயில் இல்லாத மாதம். விருத்தாசலத்திலிருந்து ஒரு விடியற்காலை நடையில் சேர்ந்துவிடலாம். முதல்முறை குழு சேர்ப்பவர்கள் அங்கிருந்து தொடங்கி, அடுத்த ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் கிளம்பலாம்.